டாக்டரின் கைக்கு ஒப்பாரி

"உசுரோட கெடக்கிற என் அம்மைக்கு நீ எப்படிட்டி ஒப்பாரி வைக்கலாம்?"

"ஒப்பாரியா வச்சேன்? அவ வலிய எடுத்துச் சொன்னேன். ராகம் தானா வந்து ஒட்டிக்கிட்டு."

"மாருல அடிச்சியா இல்லியா?"

"அடிச்சேன். என் மாரு, என் கை. ஒமக்கு எங்க வலிக்கி?"

"மாடத்தி செத்துட்டாளாம்னு ஊரு பூரா பேச்சு. கோடவுன்ல ரெண்டு பேரு வந்து எனக்குத் துக்கம் கேட்டுட்டுப் போயாச்சு."

சங்கரலிங்கம் சாயா கிளாஸைத் தரையில் வைத்த வைப்பில் பாதிச் சாயா அவன் வேட்டியிலேயே கொட்டியது. அவன் பெண்டாட்டி வீரலட்சுமி அதைப் பார்த்தாளே தவிர, துணி எடுத்துக் கொடுக்கவில்லை. இடப்பக்கத்து வீட்டில் அங்கம்மாள் அம்மியை நிறுத்தினாள். வலப்பக்கத்து வீட்டில் ஜலீலா ரேடியோவைக் குறைத்தாள். கொச்சியில் மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடியில் அந்த வரிசை வீடுகளுக்குச் சுவர் இருக்கிறது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். இந்த வீட்டில் கடுகு தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். சண்டை என்றால் கேட்கவே வேண்டாம், அவரவர் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிடுவார்கள்.

அதுவும் இது சாதாரணச் சண்டையா? மாமியாருக்காக மருமகள் போடும் சண்டை. தென்காசிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து வீரலட்சுமிக்கும் மாமியார் மாடத்திக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. எல்லாம் பூனை வழியாகத்தான். "ஏ பூனை, கொழம்புல உப்பு இல்லன்னு அவகிட்டச் சொல்லு" என்பாள் மாடத்தி. "ஏ பூனை, நாக்கு செத்தவளுக்கு உப்பு எப்படித் தெரியும்னு கேளு" என்பாள் வீரலட்சுமி. அந்தப் பூனை போனதும் இன்னொன்று கொண்டுவந்து வளர்த்தார்கள். எலிக்காக என்று வெளியே சொன்னார்கள். தெருவில் யாரும் நம்பவில்லை.

இது எண்பத்தேழில், மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால். மாடத்தி மட்டாஞ்சேரி கோடவுன்களில் சுக்குப் பொறுக்கியே மகனை வளர்த்தவள். அவளுக்கு மார்பில் கட்டி வந்து, எறணாகுளத்தில் அறுத்து எடுத்தார்கள். எடுத்தது போதாது என்று அது இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இறங்கிவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, பக்கத்திலேயே எங்காவது கிடக்கட்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் இருந்தது, வியாபாரிகள் சேர்ந்து நடத்திய ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. காற்றுக்குக் குறைவில்லை. குறைவு வேறு ஒன்றுக்கு.

அந்த வார்டில் ஒரு நடைமுறை. வலிக்கு ஒரு ஊசி உண்டு. மார்ஃபின் என்று பெயர், பூட்டிய அலமாரிக்குள் இருக்கும். சாவி டாக்டர் நீலகண்டனிடம். கூக்குரல் போடுகிறவளுக்கு அலமாரி திறக்கும். சும்மா கிடப்பவளுக்கு ஒரு வெள்ளை மாத்திரை, அவ்வளவுதான். மாடத்தியோ அழத் தெரியாத ஜென்மம். புருஷன் லாரியில் அடிபட்டு மூட்டை மாதிரி வந்து இறங்கியபோதும் அழவில்லை. சங்கரலிங்கத்தைப் பெற்றபோது, இவள் தூங்குகிறாள் என்று நினைத்து மருத்துவச்சி வெற்றிலை போடப் போனாளாம். இப்போது எலும்புக்குள் நண்டு நடப்பது மாதிரி வலிக்கிறபோதும், முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்துக் கிடந்தாள்.

அன்றைக்கு மதியம் கஞ்சி கொண்டுபோன வீரலட்சுமி, அந்த முந்தானையைத் துவைக்கலாம் என்று எடுத்துப் பிரித்தாள். கடித்துக் கடித்து நடுவில் ஒரு கை போகிற அளவுக்கு ஓட்டை. கம்பவுண்டர் ராசப்பனிடம் போய் ஊசி கேட்டாள்.

"அம்மை மிண்டாம கெடக்குதல்லோ சேச்சி. வேதனை உண்டெங்கில் கரையண்டே?" என்றான் ராசப்பன். வலி இருந்தால் அழ வேண்டாமா என்று கேட்கிறான்.

எதிர்க்கட்டிலில் அம்மிணி என்று ஒரு வைப்பின் தீவுக்காரி அந்நேரம் பார்த்துக் கூவினாள். அலமாரி திறந்தது, அவளுக்கு ஊசி போட்டார்கள். வீரலட்சுமி அதைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். கஞ்சிப் பாத்திரத்தை ஓரமாக வைத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

வீரலட்சுமியின் தொண்டையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். கொச்சங்காடி முதல் சுள்ளிக்கல் வரை தமிழ் வீடுகளில் சாவு விழுந்தால் முதலில் ஐஸுக்குச் சொல்வார்கள், அடுத்தது அவளுக்கு. கூலி வாங்க மாட்டாள், சர்க்கரை தூக்கலாக ஒரு காப்பி போதும். சாவு வீடு என்றால் அவள் முகத்தில் ஒரு களை வந்துவிடும் என்று பொல்லாதவர்கள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அப்படிப்பட்ட தொண்டை வார்டுக்குள் திறந்ததும் மாடியிலிருந்து டாக்டர் ஓடி வந்தார், வெளியிலிருந்து ஐஸ்கிரீம்காரன் ஓடி வந்தான். சத்தத்தை நிறுத்துவதற்காகவே மாடத்திக்கு ஊசி போட்டார்கள். மாடத்தி சாயங்காலம் வரை தூங்கினாள். இதுதான் நடந்தது. இதற்குத்தான் இந்தச் சண்டை.

"இனி ஒருதரம் பாடினே, இந்த வீட்டு நடை ஏறாதே" என்றான் சங்கரலிங்கம்.

"சரி. அப்போ நாளைக்கு நீரு போயி அழும். ஒம்ம அம்மைதான?"

சங்கரலிங்கம் வேட்டியைத் துடைத்தான். கோடவுனில் மேஸ்திரி சத்தம் போட்டாலே வலது காலை இடது காலுக்குப் பின்னால் ஒளிக்கிறவன் அவன்.

இந்த இடைவெளியில்தான் ஜலீலா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாள். "லண்டன்ல ஆயிருந்தா..."

அங்கம்மாள் மறுபடி அம்மியில் அரைக்கத் தொடங்கினாள். தெருவில் எல்லாருக்கும் அப்படித்தான், ஜலீலா அந்தச் சொல்லை எடுத்ததும் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். மட்டாஞ்சேரி குஜராத்தி சேட்டு ஒருவரின் தங்கை வீட்டுக்குச் சமையலுக்கென்று சீமைக்குப் போய் மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தவள் ஜலீலா. இருந்த ஊர் லெஸ்டர். தெருவுக்கு அது லண்டன்தான், அவளும் திருத்தவில்லை. வந்த நாளிலிருந்து மழை பெய்தால் லண்டன் மழை, முட்டை உடைந்தால் லண்டன் முட்டை. அங்கே பஸ் கண்டக்டர் தன்னை 'லவ்' என்று கூப்பிட்டதைப் புருஷன் மொய்து இல்லாத நேரமாகப் பார்த்து நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

ஆனால் அன்றைக்கு வீரலட்சுமி மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பினாள். "என்ன ராத்தா? லண்டன்ல ஆயிருந்தா என்ன?"

கேட்பார் இருக்கிறார்கள் என்றதும் ஜலீலாவுக்கே கொஞ்சம் திகைப்பு. "அந்த வீட்டுப் பெரிய அம்மைக்கும் இதே சூக்கேடுதான் மோளே. மாரில தொடங்கி எலும்புக்கு. ஒரு நர்சு கார்ல வரும். சீசா கொடுத்துட்டுப் போகும். மார்ஃபின்தான், ஊசியில்ல, குடிக்கிற மருந்து. நாலு மணிக்கூருக்கு ஒருதரம் நானாக்கும் ஸ்பூன்ல ஊத்திக் கொடுத்தது."

"அந்தம்மா அழுதா கொடுப்பியளா?"

"அழறதுக்கு மின்னாடியே கொடுக்கணும். மணி பாத்து. தூங்கினா எழுப்பிக் கொடுக்கணும்."

"அழாமலே இருந்தா?"

"அழாம இருக்கத்தானே மோளே கொடுக்கிறது."

அங்கம்மாளின் அம்மி தானாக நின்றது. சங்கரலிங்கம்கூட வாயைத் திறந்தபடி இருந்தான். கடைசியில் அங்கம்மாள்தான், "சமையக்காரி கையில கஞ்சா கொடுப்பானாம் வெள்ளக்காரன். கேக்கிறவ இருந்தா எதையும் சொல்லலாம்" என்றாள். ஜலீலா, "அல்லாவாணை" என்றாள். தெரு சிரித்தது. வீரலட்சுமி சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் வார்டுக்குப் போனபோது மாடத்தி விழித்திருந்தாள். பூனை இல்லாத இடம் அது. மாடத்தி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், நேராகவே பேசினாள். இது வீரலட்சுமிக்குப் பழக்கமில்லாததால் முதலில் யாரிடம் பேசுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"ஏளா, ஒன்னயத்தான். நேத்து எனக்குப் போட்ட ஊசி யாருது தெரியுமா?"

"யாருது?"

"எதிர்க்கட்டில்காரிக்கு ராத்திரிக்குன்னு வச்சிருந்தது. விடிய விடியக் கத்தினா. இன்னிக்குள்ள கணக்கு முடிஞ்சுட்டுன்னுட்டான் ராசப்பன். அடுத்தவ சோத்தப் புடுங்கி எனக்கு ஊட்டி விட்டிருக்கே."

"நீங்க கத்தியிருந்தா நான் ஏன் பாடப் போறேன்?"

"நான் எதுக்குக் கத்தணும்? வலிக்கின்னு சொன்னாப் பத்தாதா? எனக்காவ இனி நீ அழுதே, அந்த ஊசிய எடுத்துக்கிட மாட்டேன். கையப் புடிச்சுத் திருகினாலும் சரி." இதைச் சொல்லிவிட்டு மாடத்தி முந்தானையின் ஓட்டையில்லாத பக்கத்தைத் தேடி வாய்க்குள் வைத்துக்கொண்டாள். நெற்றி வியர்த்திருந்தது.

வீரலட்சுமி கஞ்சியைக்கூடக் கொடுக்காமல் வீட்டுக்கு வந்து, ஜலீலாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். போகிற வழியெல்லாம் ஜலீலா, "நான் எதுக்கு மோளே? என்னையப் பொய்க்காரின்னு சொல்லும்" என்று பின்னுக்கு இழுத்தாள்.

டாக்டர் நீலகண்டன் பாலக்காட்டு ஐயர். நல்ல மனுஷன், கோபம் வராது, ஃபீஸைத் திருப்பிக் கொடுப்பார். இருமினால் கையை வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்னால் யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பார், அவ்வளவு ஜாக்கிரதை. ஜலீலா சொன்னதை அவர் கேட்டார். பொய் என்று சொல்லவில்லை.

"வாஸ்தவமாக்கும்" என்றார். "நான் பர்மிங்ஹாம்ல பத்து வருஷம் இருந்தேன். நானே எழுதிண்டிருந்தேன். தினம் எழுதுவேன். ஆத்துக்கே சீசா போகும்."

வீரலட்சுமிக்குச் சட்டென்று கோபம் வரவில்லை. "அப்போ மருந்து ஒங்களுக்குத் தெரியும்."

"நன்னாத் தெரியும்."

"எங்க அத்தைக்கு ஏன் எழுத மாட்டேங்கிய?"

"எழுதி? எந்தக் கடையில வாங்குவே? போதை மருந்துன்னு எம்பத்தஞ்சில புதுச் சட்டம் வந்துடுத்து, கேட்டியா? கணக்குல ஒண்ணு பெசகினா பத்து வருஷம் ஜெயில். லைசென்ஸ், பெர்மிட், எக்சைஸ்காரன் கையெழுத்து. கடைக்காரா எல்லாரும் ஸ்டாக் வைக்கறதையே நிறுத்திட்டா. எங்கிட்டே இருக்கறது பழைய பாக்கி நாலு ஊசி. அதை ஜாஸ்தி கஷ்டப்படறவாளுக்குத்தானே கொடுக்கணும்?"

"ஜாஸ்தி கஷ்டம்னு எப்படித் தெரியும்?"

டாக்டர் மேஜையில் இருந்த கண்ணாடிக் குண்டை நகர்த்தி வைத்தார். பதில் அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"இதுல தமாஷ் என்னன்னா, அந்த மருந்து எடுக்கற செடி நம்ம நாட்டுலதான் வெளையறது. இங்கேர்ந்துதான் கப்பல்ல போறது" என்றார், பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

மட்டாஞ்சேரிக்காரியிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. வீரலட்சுமியும் கொஞ்ச காலம் மாமியாரோடு சுக்குப் பொறுக்கப் போனவள்தான். "சுக்கு மாதிரியா சாமி?" என்றாள். "முழுசு எல்லாம் சாக்குல கட்டிக் கப்பலுக்குப் போவும். தூசியும் நொறுங்கும் எங்களுக்கு. வலிக்கும் அதே ஏற்பாடுதானா?"

"சட்டத்தை நான் பண்ணலையே அம்மா."

"சட்டத்தக் கேக்கல. அங்க எழுதின கையி இதுதான? எந்த எடத்துல வச்சு அதுக்கு இழுத்துக்கிச்சுன்னு கேக்கேன்."

டாக்டர் வலது கையை மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டதை ஜலீலா கண்ணால் பார்த்தாளாம். சத்தியம் பண்ணிச் சொல்வாள். ஜலீலாவின் சத்தியம்தான், ஆனாலும் இந்த ஒன்றை நம்பலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் வீட்டு வாசலில் வீரலட்சுமி வந்து உட்கார்ந்தாள். கூட அங்கம்மாள், கோடவுன் பெண்கள் சிலபேர். மாமியாருக்காக அழக் கூடாது என்று மாமியாரே சொல்லியாகிவிட்டது. ஆனால் டாக்டருக்காக அழக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. ஜலீலா முக்காட்டை இறக்கிவிட்டுக்கொண்டு எதிர்ச் சாரியில் நின்றாள். வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொன்னாள். சங்கரலிங்கம் அன்றைக்குக் கோடவுனுக்கு வழக்கத்தைவிட முன்னதாகவே போய்விட்டான்.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். வீரலட்சுமி எடுத்தாள்.

"சீமைக்குப் போன கையி – அங்க
சீட்டெழுதித் தந்த கையி
கப்பலேறி வந்ததுமே – இங்க
கட்டையாப் போனதென்ன

வெள்ளக்காரி நோவுக்கெல்லாம்
வெரசா எழுதுங் கையி – எங்க
மாடத்தி நோவுக்கின்னா
மரத்துத்தான் போனதென்ன

பேனா பிடிச்ச கையி – இப்போ
பூட்டத்தான் பிடிச்ச கையி
பொன்னான கையி ஒனக்குப்
பொட்டலுல குழி தோண்டவோ"

அங்கம்மாள் தன் பங்குக்கு, பிரசவத்தில் போன தங்கச்சியையும் ஒரு அடியில் சேர்த்துக்கொண்டாள். ஒப்பாரியில் அதற்கு இடமுண்டு. யார் செத்தாலும் அவரவர் துக்கத்தைத்தான் அழுவார்கள்.

மலையாளத்து டாக்டராக இருந்திருந்தால் ராகத்தோடு போயிருக்கும். இவர் பாலக்காட்டுத் தமிழர், ஒவ்வொரு சொல்லும் தைத்தது. முகத்தில் ஒரு பக்கம் சோப்பு நுரையும் கையில் ரேசருமாக ஜன்னலுக்கு வந்தார். உள்ளே அவர் மனைவி, "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசல்ல ஒப்பாரி. என்ன பண்ணினேள்? யாரைக் கொன்னேள்?" என்று கேட்பது தெருவுக்கே கேட்டது.

இதுவரை வீரலட்சுமி போட்ட கணக்கு. இதற்கு மேல் நடந்தது ஊர் தானாகச் செய்தது.

டாக்டர் வீட்டு வாசலில் தமிழத்திகள் மாரடிக்கிறார்கள் என்றால் முக்கில் இருந்தவர்கள் என்ன நினைப்பார்கள்? அங்கே மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளர் யூனியன் ஆபீஸ் ஒன்று உண்டு. கறுப்புக் கொடி எப்போதும் தயாராக மடித்து வைத்திருப்பார்கள். உடனே ஏற்றிவிட்டார்கள். கொடியைப் பார்த்துக் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். ஷட்டரைப் பார்த்து ராசப்பன் கண்ணீர் விட்டு, புறநோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் 'இன்று அவதி', அதாவது விடுமுறை, என்று மலையாளத்தில் எழுதி மாட்டினான். யாரோ எக்சைஸ் ஆபீசுக்குப் போன் போட்டார்கள். ஆபீசர், டாக்டரிடம் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து சாப்பிட்டுக் குணமானவர், நன்றியுள்ளவர். போகிற வழியில் பூவளையம் ஒன்று வாங்கிக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்.

இறங்கியவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அவரைப் பார்த்தார். நுரை பாதி காய்ந்திருந்தது.

"நான் சாகலையாக்கும்" என்றார் டாக்டர்.

ஆபீசர் வளையத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "பின்னே இவங்க யாருக்கு அழறாங்க?"

"கைக்கு" என்றாள் அங்கம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டு.

"எந்தக் கைக்கு?"

வீரலட்சுமி எழுந்து நின்று தலைமுடியை முடிந்தாள். "சார் யாரு?"

ராசப்பன் கூட்டத்துக்குள்ளிருந்து, "எக்சைஸ்" என்று சொல்லிவிட்டு டாக்டர் உயிரோடு நிற்பதைக் கண்டு மறுபடி அழுதான்.

"நல்லதாப் போச்சு" என்றாள் வீரலட்சுமி. "யாருக்குப் பயந்து இந்தக் கை செத்துச்சோ, அவரே வளையத்தோட வந்துட்டாரு."

கூட்டம் நெருங்கி நின்றது. அவள் சொல்லச் சொல்ல ஆபீசரின் முகம் சிவந்தது. கடைசியில் டாக்டர் பக்கம் திரும்பி, "என்னைக் கண்டு பயமோ? எந்தா டாக்டரே இது? நீங்க எனக்கு ஒரு அப்ளிகேஷனும் தந்ததில்லையே. வேண்டான்னு சொல்லணும்னாலும் கையில ஒரு பேப்பர் வேணுமே" என்றார்.

"கேட்டா, எதுக்குக் கேக்கறான்னு விசாரிக்க ஆள் வருமோன்னு..."

"வந்தா என்ன?" என்றாள் வீரலட்சுமி. "வந்தா வார்டுக்குக் கூட்டிட்டுப் போயி எங்க அத்த முந்தானையக் காட்டும். இவரே வந்து பாக்கட்டும். ஜெயிலுக்குத்தான் போவணும்னா நானும் கூட வாரேன். எனக்கு அங்க போயி அழறதுக்கும் தெம்பிருக்கு."

"அது நெசம்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

டாக்டரின் மனைவி ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு காகிதமும் பேனாவும் நீட்டினாள். "எழுதித் தொலையுங்கோளேன். நீங்க எழுதற வரைக்கும் இவா எழுந்துக்கப் போறதில்லை. எனக்கு விளக்கேத்தணும்."

டாக்டர் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும், தொடையில் காகிதத்தை வைத்து எழுதினார். முதல் வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். இரண்டாவது வரியிலிருந்து அடித்தல் இல்லை. ஆபீசர் அதை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மேலே அனுப்புகிறேன், மற்றது மேலே உள்ளவர்கள் பாடு என்றார். பூவளையத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மதிலில் சாய்த்துவிட்டுப் போனார். மட்டாஞ்சேரி ஆடுகளுக்கு அதெல்லாம் யோசனையே இல்லை.

காகிதம் மேலே போனது, மேலேயே இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. அந்த நாட்கள் கொஞ்சமும் நன்றாக இல்லை. மாடத்தி இரண்டு முந்தானைகளைத் தின்று தீர்த்தாள். டாக்டர் இருந்த ஊசிகளை அழுகை பார்க்காமல் கட்டில் முறைப்படி போட்டார். அதிலும் அவள் தன் முறை வந்தபோது ஒருநாள் எதிர்க்கட்டிலைக் காட்டி, "அவளுக்குப் போடுங்க" என்றாள். வீரலட்சுமி தலையிலடித்துக்கொண்டாள். "ஏசுறதுக்கு வாய் இருக்கு, எனக்கு வேணும்னு சொல்ல வாய் இல்ல" என்று கட்டில் காலிடம் சொன்னாள். பூனைக்குப் பதில் இப்போது கட்டில் கால்.

காகிதத்தை அசைத்தவன் யார் தெரியுமா? சங்கரலிங்கம். சொன்னால் நம்ப மாட்டீர்கள். கோடவுனில் அரைநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு எக்சைஸ் ஆபீஸ் வாசலில் போய் நிற்பான். வலது கால் இடது காலுக்குப் பின்னால்தான் இருக்கும். ஆபீசர் வெளியே வந்து என்ன என்று கேட்டால், மெதுவாக, "என் வீட்டுக்காரிய வரச் சொல்லட்டுமா சார்?" என்பான். வேறு எதுவும் சொல்ல மாட்டான். மூன்றாவது தடவை ஆபீசர் தானே திருவனந்தபுரத்துக்குப் போன் போட்டதாகக் கேள்வி.

பெர்மிட் வந்தது, மருந்துப் பொடியும் வந்தது. ராசப்பன் சர்க்கரைப் பாகில் கலக்கிச் சீசாவில் ஊற்றினான். கசப்பு போகவில்லை. ஜலீலா ஒரு சொட்டு நாக்கில் வைக்கக் கேட்டாள், ராசப்பன் அடிக்காத குறை. அம்மிணிக்கு ஒரு சீசா, மாடத்திக்கு ஒரு சீசா. வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்றார் டாக்டர். வீட்டில் கடிகாரம் கிடையாது. லெஸ்டரிலிருந்து வந்த ரோஸ் நிற அலாரத்தை ஜலீலா கொண்டுவந்து வைத்தாள். அது அடிக்கிறபோதெல்லாம் வரிசை வீடுகள் முழுவதும் எழுந்து உட்கார்ந்தன.

முதல் நாள் மாடத்தி தூங்கினாள். இரண்டாம் நாளும் தூங்கினாள், எழுப்பித்தான் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மீன் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்து, சுற்றிலும் பூனையைத் தேடினாள்.

"ஏ பூனை, கொடம்புளிய அள்ளிப் போட்டிருக்காளே, அவ அப்பன் வீட்டு மரமான்னு கேளு."

வீரலட்சுமி அடுப்படியிலிருந்து, "ஏ பூனை, ஆஸ்பத்திரிக் கஞ்சிக்கு என் கொழம்பு தேவலையான்னு கேளு" என்றாள்.

அங்கம்மாள் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். தெரு பழையபடி ஆகிவிட்டது.

மழை விட்டு ஓணம் வருகிற வரைக்கும் இது நடந்தது. மாடத்தி ஒரு முறம் சுக்கைக்கூடப் பொறுக்கினாள், நல்லதை நல்லதாகவும் நொறுங்கை நொறுங்காகவும். ஒருநாள் மத்தியானம், அலாரம் அடித்து மருந்து குடித்துவிட்டு, ஸ்பூனைச் சரியாகக் கழுவவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். அடுத்த அலாரத்துக்கு எழுந்திருக்கவில்லை. முந்தானை கசங்காமல் இருந்தது.

சொல்லி அனுப்பாமலே பெண்கள் வந்து கூடினார்கள். சுள்ளிக்கல்லிலிருந்தெல்லாம் வந்தார்கள். டாக்டருக்கே அப்படிப் பாடியவள், சொந்த மாமியாருக்கு என்ன பாடப் போகிறாளோ என்று எல்லாருக்கும் எதிர்பார்ப்பு. வீரலட்சுமி பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் இருந்தாள்.

"எடுத்துக் குடுட்டி" என்றாள் அங்கம்மாள்.

"எதச் சொல்லி எடுக்க? கடைசி வரைக்கும் என்னய ஏசிக்கிட்டுத்தான் போயிருக்கா. நல்லா ஏசினா. வாய் கொழறாம ஏசினா." அவ்வளவுதான் சொன்னாள். கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

அப்போது சங்கரலிங்கம் ஆரம்பித்தான். ஆண்பிள்ளை, ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. கதவைப் பிடித்துக்கொண்டு, "என் அம்மையே, என் அம்மையே" என்று ஊரே கேட்கக் கத்தினான். கேட்கச் சகிக்கவில்லை என்று கோடவுன் பெண்கள் சொன்னார்கள். அவனை யாரும் நிறுத்தவும் இல்லை.

டாக்டர் நீலகண்டன் அடுத்த வருஷமே கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். மனைவிக்கு அந்த வாசல் பிடிக்கவில்லையாம். பெர்மிட் அவர் பெயரில் இருந்ததால் அலமாரி மறுபடி காலியானது. அம்மிணி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள், புண்ணியவதி. புதிதாக வந்த டாக்டர் கொல்லத்துக்காரர், ஒரு சொல் தமிழ் தெரியாது. வீரலட்சுமி அம்மிணியின் மகளைப் பிடித்து, கை, பேனா, பயம் எல்லாவற்றையும் மலையாளத்தில் ஒப்பாரியாகக் கட்டிக்கொண்டு அவர் வாசலில் போய் உட்கார்ந்தாள். புது டாக்டர் ஒரு வாரம் தாங்கினார், பிறகு எழுதினார். அம்மிணியின் மகள் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆஸ்பத்திரிப் பக்கம் வந்து போன வகையில் ராசப்பனோடு கல்யாணம் ஆகி, இருவரும் ஆலுவாவில் மருந்துக்கடை வைத்தார்கள். ஜலீலாவின் மகள் ஹாஜராவைப் பாலக்காட்டில் ரஷீது என்பவனுக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. ஜலீலா அங்கே ஒரு மாசம் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். இப்போது துபாயில் ஆயிருந்தால் என்று ஆரம்பிக்கிறாள்.